பிபிசி மைக்ரோவும் ஒரு எச்டிஎம்ஐ கேபிளும்

பழைய ஹோம் கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்குவது அவ்வளவு கஷ்டமில்லை. கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருந்தால் எங்கேயாவது சிக்கிவிடும். தலைவலி அதற்குப் பிறகுதான். படத்தை எதில் பார்ப்பது? வீட்டு ஹாலில் தொங்கும் எல்இடி டிவியில் சொருகிப் பார்த்தால் எழுத்தெல்லாம் கசங்கி, ஓரங்களில் வானவில் பூத்து, இரண்டு நிமிடத்தில் கண்ணில் நீர் வடிகிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: "அந்தக் காலத்துல படம் இப்படித்தான் இருந்திருக்கும் போல." அது சுத்தப் பொய். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது பிபிசி மைக்ரோ, மாடல் பி. 1981 கடைசியில் கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனம் வெளியிட்ட மெஷின். 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 ப்ராசஸர், 32 கிலோபைட் ரேம், வெளிறிய மஞ்சள் பெட்டி, மேல்வரிசையில் செக்கச்செவேலென்று பத்து ஃபங்ஷன் கீ. பிபிசி தொலைக்காட்சி நடத்திய கணினிக் கல்வித் திட்டத்துக்காகச் செய்யப்பட்டு, பிரிட்டன் பள்ளிகளில் மூலைக்கு மூலை உட்கார்ந்திருந்தது. நம் ஊர்க்காரர்கள் சிலருக்கும் இது பழக்கமான முகம். 1984இல் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கணினி கொண்டுபோன 'கிளாஸ்' திட்டத்தில் வந்தது இந்த மெஷின்தான். பின்னால் மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் 'யூனிகார்ன்' என்று பெயர் வைத்து இதை இங்கேயே தயாரித்தது. எனக்கு வந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் ஏலச் சாமானில் கிடந்த பெட்டி. கீபோர்டு ஓரத்தில் யாரோ காம்பஸ் முனையால் 'செந்தில்' என்று கீறி வைத்திருக்கிறார்கள். அதை அழிக்க எனக்கு மனசில்லை.

எச்டிஎம்ஐ விஷயத்துக்கு வருமுன் ஒரு எச்சரிக்கை. இதை மட்டும் படித்துவிட்டு மீதியை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. இந்த மெஷினின் பவர் சப்ளைக்குள், மின்சாரம் உள்ளே நுழையும் இடத்திலேயே, தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி உறை போட்ட பேப்பர் கெப்பாசிட்டர்கள் இருக்கும். நாற்பது வருஷத்தில் அந்த உறையில் மயிரிழை விரிசல்கள் விழுந்து, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ப்ளக்கைப் போட்டு ஐந்தாவது நிமிடமோ ஐம்பதாவது நிமிடமோ 'பட்' என்று வெடித்து, வீடு முழுக்க ஒரு புகை கிளப்பும். அந்த நாற்றம் திரைச்சீலையை விட்டுப் போக ஒரு வாரம் ஆகும் என்று பட்டவர்கள் சொல்கிறார்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் இது நடக்குமா நடக்காதா என்று பந்தயம் கட்டாதீர்கள். முதலில் அவற்றைக் கழற்றிவிட்டு, அதே மதிப்பில், மெயின்ஸ் மின்சாரத்துக்கென்றே செய்த எக்ஸ்2 வகைப் புது பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் போடுங்கள். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் டிவி மெக்கானிக் யாரிடமாவது கொடுங்கள். 240 வோல்ட் விளையாட்டுச் சாமான் இல்லை.

இனி படம்.

பிபிசி மைக்ரோவின் முதுகில் படம் வெளியே வர மூன்று வாசல்கள். முதலாவது ஆண்டெனா சாக்கெட்டுக்குப் போகும் யுஎச்எஃப். கம்ப்யூட்டர் உண்டாக்கிய படத்தை ஒரு குட்டி டிவி ஸ்டேஷன் மாதிரி அலைவரிசையில் ஏற்றி அனுப்பும். டிவி அதை மறுபடி இறக்க வேண்டும். இரண்டாவது காம்போசிட். நம்மில் பலருக்கு டிவிடி ப்ளேயரின் மஞ்சள் பின் கேபிளாகத் தெரியுமே, அதேதான். இங்கே வேறு வகை சாக்கெட்டில் வருகிறது, அவ்வளவே. மூன்றாவது ஆறு பின் கொண்ட வட்டமான டின் சாக்கெட். சிவப்பு, பச்சை, நீலம், வரிகளை ஒழுங்குபடுத்தும் சிங்க், கிரவுண்டு, அப்புறம் 5 வோல்ட்.

பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது காம்போசிட்டில். டிவியில் மஞ்சள் ஓட்டை இருக்கிறது, கேபிளும் இருக்கிறது, போட்டுப் பார்ப்போம் என்று. இந்த மெஷினில் பெரும்பாலும் அது கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். நிறம் வேண்டுமென்றால் உள்ளே போர்டில் ஒரு இணைப்பை மாற்ற வேண்டும். மாற்றினால் நிறம் வரும், எழுத்து போய்விடும். காரணம் எளிமையானது. காம்போசிட்டில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் போகின்றன. பால் என்ற டிவி முறையில் நிறத்தைச் சுமக்கும் அலை 4.43 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. பிபிசி மைக்ரோவின் 80 எழுத்து மோடில் புள்ளிகள் வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் வேகத்தில் பாய்கின்றன. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மாறி மாறி வந்தால் அது 8 மெகாஹெர்ட்ஸ் சிக்னல். டிவிக்கு அவ்வளவு நுணுக்கம் எட்டாது. எட்டுகிற அளவிலும், எழுத்தின் ஓரம் எது, நிறத்தின் அலை எது என்று பிரிக்கத் தெரியாமல் குழம்பி வானவில்லை வரைந்துவிடுகிறது.

அதோடு முடிந்ததா? இன்றைய டிவிகளுக்கு இன்னொரு வியாதி உண்டு. பிபிசி மைக்ரோ சாதாரண மோடுகளில் இன்டர்லேஸ் செய்த, அதாவது வரிகளை இரண்டு பாதியாகப் பிரித்து அனுப்பும், டிவி சிக்னல் மாதிரிதான் சிங்க் அனுப்பும். ஆனால் ஒற்றைப்படை வரிப் படம், இரட்டைப்படை வரிப் படம் இரண்டிலும் போவது ஒரே உருவம். பழைய பிக்சர் ட்யூப் டிவி அதைக் கேள்வி கேட்காமல் வரைந்துவிடும். எல்இடி டிவி புத்திசாலி. "ஓ, இது இன்டர்லேஸ்" என்று முடிவு கட்டி, இரண்டு பாதிகளையும் பின்னிச் சேர்த்து, கொஞ்சம் மழுப்பி, கொஞ்சம் கூர்மையாக்கி, தன் இஷ்டத்துக்கு அலங்காரம் செய்து, நாலைந்து ஃபிரேம் தாமதமாக நமக்குக் காட்டும். ஒரு கீயைத் தட்டி எழுத்து வருவதற்குள் விரல் அடுத்த கீக்குப் போய்விடுகிறது.

அக்கா பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"மாமா, இது டிவியோட தப்பா, மெஷினோட தப்பா?"

"ரெண்டும் இல்லடா. நடுவுல இருக்கற ஒயரோட தப்பு."

"அப்ப நல்ல ஒயர் வாங்கிப் போட வேண்டியதுதானே?"

அவன் விளையாட்டாகச் சொன்னதுதான் சரியான பதில். கதை முழுக்க அந்த மூன்றாவது வாசலில் இருக்கிறது.

டின் சாக்கெட்டில் வரும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் டிடிஎல் சிக்னல்கள். 'கொஞ்சம் சிவப்பு', 'முக்கால் பச்சை' என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு கம்பியிலும் ஒன்று சிக்னல் இருக்கும், அல்லது இருக்காது. மூன்று கம்பிகள், இரண்டு நிலைகள், ஆக எட்டு நிறம்: கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மெஜந்தா, சயான், வெள்ளை. பிபிசி மைக்ரோவுக்குத் தெரிந்த நிறங்கள் இவ்வளவுதான். அதாவது 1981லேயே இதன் படம் டிஜிட்டல். உள்ளே பளிங்கு மாதிரி இருக்கும் படத்தை வெளியே வரும் கடைசி ஒரு மீட்டரில்தான் கெடுத்துக்கொண்டிருந்தோம். 'நவீன டிஜிட்டல் வீடியோவுக்கு மேம்படுத்துவது' என்று பெரிதாகப் பேசுகிறோமே, இந்த மெஷின் விஷயத்தில் மேம்படுத்த எதுவுமே இல்லை. கெடுவதற்கு முன் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் மூன்று கம்பிகளையும் நேராக எச்டிஎம்ஐக்குள் விட்டுவிட முடியாதா? முடியாது. எச்டிஎம்ஐயும் அதன் தாய்வழியான டிவிஐயும் வினாடிக்கு இரண்டரைக் கோடிப் புள்ளிகளுக்குக் கீழே இறங்காது. நம் மெஷின் தருவது ஒரு கோடியே அறுபது லட்சம். வரி வேகமும் வினாடிக்கு 15,625 மட்டுமே. சாதாரண விஜிஏ மானிட்டரே அதைப்போல இரண்டு மடங்கு கேட்கும். ஆகவே நடுவில் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு புள்ளியையும் படித்து, நினைவில் வைத்து, பெரிதாக்கி, புது வேகத்தில் அனுப்ப வேண்டும்.

இந்த வேலையைச் செய்ய மலிவான பலகைகள் ஆன்லைனில் நிறையக் கிடைக்கின்றன. ஆர்கேட் விளையாட்டுப் பெட்டிகளுக்காகச் செய்தவை. ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். படம் வந்தது, உண்மைதான். ஆனால் அந்தப் பலகை மூன்று கம்பியையும் அனலாக் என்று நினைத்துக்கொண்டு, எங்கே எந்தப் புள்ளி ஆரம்பிக்கிறது என்பதே தெரியாமல், தன் சொந்தக் கணக்கில் வரியைக் கூறு போடுகிறது. அதன் கூறும் மெஷினின் புள்ளியும் ஒத்துப்போகாது. விளைவு, 'm' எழுத்தின் மூன்று கால்களில் ஒன்று தடி, ஒன்று மெலிசு, ஒன்று மங்கல்.

சரியாகச் செய்கிற சாதனத்தின் பெயர் ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ. பெயர் வைப்பதில் யாரும் அதிகம் மெனக்கெடவில்லை. டேவிட் பேங்க்ஸ், இயன் பிராட்பரி என்ற இருவரின் கைவண்ணம். வடிவமைப்பும் மென்பொருளும் திறந்த மூலம். ராஸ்பெர்ரி பை ஸீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, அதன் மேல் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பலகை, அதில் சிபிஎல்டி என்ற ஒரு நிரல்படுத்தும் சில்லு. மொத்தச் சாமானே இவ்வளவுதான்.

இது வேலை செய்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மெஷினில் ஒரு புள்ளியின் ஆயுள் 62.5 நானோ வினாடி. சிபிஎல்டி ஓடுவது 96 மெகாஹெர்ட்ஸில், அதாவது ஒரு புள்ளிக்குள் ஆறு துடிப்புகள். அந்த ஆறில் எந்தத் துடிப்பில் கம்பியைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. புள்ளி மாறுகிற விளிம்பில் பார்த்தால் சில சமயம் பழைய நிறம், சில சமயம் புது நிறம் என்று தடுமாறும். நட்ட நடுவில் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரே பதில். சிபிஎல்டி அப்படி நான்கு புள்ளிகளைப் படித்து, மூன்று பிட் வீதம் பன்னிரண்டு பிட்டுகளாகக் கட்டி, பை ஸீரோவிடம் தள்ளுகிறது. வினாடிக்கு நாற்பது லட்சம் கட்டுகள். பை ஸீரோவில் லினக்ஸ் கிடையாது, வேறு இயங்குதளமும் கிடையாது. இந்த ஒரு நிரல்தான் நேரடியாக ஓடுகிறது. அதனால்தான் சுவிட்சைப் போட்ட சில வினாடிகளில் படம் வந்துவிடுகிறது. இன்னொரு காரியத்தையும் இந்தச் சில்லு சத்தமில்லாமல் செய்கிறது. மெஷின் பேசுவது 5 வோல்ட், பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. சிபிஎல்டி 5 வோல்ட்டைத் தாங்கிக்கொண்டு 3.3ஆக மாற்றிக் கொடுக்கிறது. இடையில் அது இல்லாமல் நேராகக் கம்பியைக் கட்டினால் பை ஸீரோவுக்கு அன்றோடு காரியம் முடிந்தது.

இந்த இடத்தில் ஒரு வம்சக் கதை சொல்லியே ஆக வேண்டும். பிபிசி மைக்ரோவை உருவாக்கிய சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் பிறகு ஏக்கார்னுக்காக ஒரு புது ப்ராசஸரை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் முதல் சில்லு வந்தபோது அதைச் சோதித்துப் பார்த்தது பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான். அந்தப் ப்ராசஸர்தான் ஆர்ம். இன்றைக்கு உங்கள் பையில் இருக்கும் செல்ஃபோனில் ஓடுவதும் அதன் பரம்பரை, ராஸ்பெர்ரி பையில் ஓடுவதும் அதன் பரம்பரை. பை கம்ப்யூட்டர்களுக்கு மாடல் ஏ, மாடல் பி என்று பெயர் வைத்ததும் பிபிசி மைக்ரோவைப் பார்த்துத்தான். 2015 நவம்பரில் 5 டாலருக்கு விற்பனைக்கு வந்த பை ஸீரோ, 1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை வைத்துக்கொண்டு, 2 மெகாஹெர்ட்ஸ் தாத்தா சொல்வதை எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறது. 'இது ஏமாற்று வேலை, பையிலேயே எமுலேட்டர் ஓட்டிவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டலாம். ஆனால் அந்த ப்ரேக் கீயை அழுத்தியதும் பெட்டிக்குள்ளிருந்து வருகிற பீப் எமுலேட்டரில் வராது. வரும், ஆனால் வராது. புரிந்தவர்களுக்குப் புரியும்.

மாட்டுவது பெரிய வேலையில்லை. எஸ்டி கார்டில் மென்பொருளைப் பிரித்துப் போட வேண்டும். சிபிஎல்டிக்குள் நிரல் ஏற்றத் தனிக் கருவி எதுவும் வேண்டாம், திரையில் வரும் மெனுவிலிருந்து பையே ஏற்றிவிடும். ஆறு பின் கேபிளை மெஷினில் சொருகி, மறுமுனையைப் பலகையில் சொருகி, எச்டிஎம்ஐயை மானிட்டரில் போட்டால் முடிந்தது. மின்சாரமும் அதே டின் சாக்கெட்டின் 5 வோல்ட் பின்னிலிருந்தே வந்துவிடும். சத்தத்துக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். பிபிசி மைக்ரோவின் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, எச்டிஎம்ஐயில் ஒலி தேவையே இல்லை.

முக்கியமாக, மெஷினின் மூடியைத் திறக்கவே வேண்டாம். கெப்பாசிட்டர் மாற்றத் திறந்தீர்களே, அதோடு சரி. எதையும் அறுக்கவில்லை, ஓட்டை போடவில்லை, ஒரு சில்லையும் கழற்றவில்லை. கேபிளைப் பிடுங்கினால் மெஷின் 1981இல் எப்படி இருந்ததோ அப்படியே. பழைய பெட்டியில் எச்டிஎம்ஐ சாக்கெட்டுக்காக டிரில் வைத்து ஓட்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

முதல் தடவை படம் வந்ததும் எழுத்துகளின் இடது ஓரத்தில் புள்ளிகள் எறும்பு ஊர்வது போல நடுங்கிக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம். படிக்கிற துடிப்பு விளிம்பில் விழுகிறது என்று அர்த்தம். மெனுவில் தானாகச் சீரமைக்கும் வசதி உண்டு. அதைத் தட்டினால் ஒவ்வொரு துடிப்பிலும் படத்தைப் பார்த்து, எங்கே தடுமாற்றம் குறைவோ அதைத் தேர்ந்துகொள்ளும். திரை ஒரு கணம் கலங்கும், மறுகணம் எல்லா எறும்பும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். கையால் ஒவ்வொன்றாக மாற்றியும் பார்க்கலாம், நான் பார்த்தேன். இரண்டு இடத்தில் நடுக்கம், நான்கு இடத்தில் சுத்தம். எவ்வளவு சீரமைத்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் கேபிளையும் டின் சாக்கெட்டையும் சந்தேகப்படுங்கள். அதற்கடுத்து உள்ளே வீடியோ யுஎல்ஏ என்ற சில்லின் சாக்கெட். ஆரம்பகால மெஷின்களில் அந்தச் சில்லு நன்றாகவே சூடாகும். தலையில் ஹீட் சிங்க் ஒட்டியிருக்கும்.

இதுவரை சொன்னது ஏழு மோடுகளுக்குத்தான் பொருந்தும், மோட் 0 முதல் மோட் 6 வரை. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த 16 மெகாஹெர்ட்ஸ்தான். மோட் 0இல் வரிக்கு 640 புள்ளி, மோட் 1இல் 320, மோட் 2இல் 160. 160 என்றால் ஒவ்வொரு புள்ளியும் நான்கு மடங்கு அகலம், அவ்வளவே. படிக்கிறவருக்கு இது எந்த மோட் என்றே தெரிய வேண்டாம். ஒரே நிறத்தை நான்கு முறை படித்துவிட்டுப் போவார். இதன் அருமை எலைட் விளையாட்டில்தான் தெரியும். டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதி 1984இல் வந்த விண்வெளி விளையாட்டு அது. மேலே விண்வெளியைக் கூர்மையான கறுப்பு வெள்ளைக் கோடுகளில் வரைவார்கள், கீழே டாஷ்போர்டை நான்கு நிறத்தில். ஒரே திரையில் இரண்டு மோட். டைமரை வைத்து, படம் பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே வினாடிக்கு ஐம்பது முறை மோடை மாற்றுகிறார்கள். சுற்றி வளைத்துப் புத்திசாலித்தனம் காட்டுகிற கன்வர்ட்டர்கள் இந்த இடத்தில் திணறலாம். புள்ளி புள்ளியாகப் படிக்கிறவருக்கு இது ஒரு விஷயமே இல்லை.

மோட் 7 தனி ராகம். அது டெலிடெக்ஸ்ட், டிவி சிக்னலோடு எழுத்துப் பக்கங்களை அனுப்பும் முறை. பிபிசி தொலைக்காட்சியின் சீஃபேக்ஸ் பக்கங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக முல்லார்டு நிறுவனத்தின் எஸ்ஏஏ5050 என்ற சில்லை வைத்தார்கள். திரை முழுவதற்கும் ஒரு கிலோபைட் நினைவகம் போதும். 32 கிலோபைட் மெஷினில் அது பெரிய சேமிப்பு. சுவிட்சைப் போட்டதும் வருகிற 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்ற வரியே மோட் 7இல்தான் வருகிறது. இந்தச் சில்லு எழுத்துகளின் படிக்கட்டு ஓரங்களை அரைப் புள்ளி சேர்த்து மழமழப்பாக்கும். அதனால் புள்ளி வேகம் 12 மெகாஹெர்ட்ஸாகக் கணக்காகிறது. 96ஐ எட்டால் வகுத்தால் 12. அந்த 96 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தவர்களின் கணக்கு இப்போது விளங்குகிறதா? ஆறால் வகுத்தால் 16, எட்டால் வகுத்தால் 12. ஒரே கடிகாரத்தில் இரண்டு உலகமும் அடங்கிவிடுகிறது.

அதிலும் ஒரு குசும்பு இருக்கிறது. டெலிடெக்ஸ்ட் சில்லுக்குத் தேவைப்படும் 6 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை ஏக்கார்ன்காரர்கள் போர்டில் இருக்கும் மற்ற துடிப்புகளிலிருந்து ஒட்டுப்போட்டு உண்டாக்கினார்கள். 16இலிருந்து 6 சமமாக வராது. ஆகவே ஓர் எழுத்துக்குள்ளேயே சில புள்ளிகள் கொஞ்சம் அகலம், சில கொஞ்சம் ஒடுக்கம். பழைய டிவியில் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. நானோ வினாடியில் கம்பியைப் பார்க்கிறவருக்கு அது மேடு பள்ளமான ரோடு. இதற்காகவே, எழுத்துக்குள் வரும் ஆறு நிலைகளுக்கும் தனித்தனிப் படிக்கும் இடம் வைத்துக்கொள்ளும்படி நிரல் எழுதியிருக்கிறார்கள். இன்டர்லேஸும் இந்த மோடில் நிஜமானது, அரைப் புள்ளிகள் அடுத்தடுத்த பாதிகளில் வருகின்றன. எழுத்து நிற்கும்போது இரண்டு பாதியையும் பின்னி, நகரும்போது பின்னாமல் விடுகிற ஏற்பாடும் உண்டு. ஒரு ப்ரோக்ராமைப் பட்டியலிட்டு மேலே ஓடவிட்டுப் பாருங்கள். அவர்கள் இதற்கு எவ்வளவு ராத்திரி விழித்திருப்பார்கள் என்று தோன்றும்.

எந்த மானிட்டர் வாங்குவது? இங்கே நான் ஒரு பிடிவாதக்காரன். பழைய 5:4 எல்சிடி, 1280க்கு 1024. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய், "அண்ணே, பழைய சதுர மானிட்டர் இருக்கா?" என்றால் கடைக்காரர், "சிசிடிவிக்கா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே பரணிலிருந்து இறக்குவார். இந்த நாட்களில் அதற்கு வேறு உபயோகம் இருப்பதாக அவர்களுக்குத் தெரிவதில்லை. ஏன் 1280க்கு 1024 என்றால், 640ஐ இரண்டால் பெருக்குங்கள், 256 வரிகளை நான்கால் பெருக்குங்கள். கச்சிதமாகத் திரை நிறைகிறது. மெஷினின் ஒவ்வொரு புள்ளியும் மானிட்டரின் எட்டுப் புள்ளிகள், மிச்சம் மீதி இல்லை, மங்கல் இல்லை. ட்யூப் டிவியில் இருந்ததைவிட உருவம் ஒரு சுண்டு அகலமாகத் தெரியும். வட்டம் வரைந்து அளந்து பார்க்கிறவர்களுக்கு உறுத்தலாம், எனக்கு உறுத்தவில்லை. டிவிஐ சாக்கெட் உள்ள மானிட்டராகப் பார்த்து வாங்குங்கள். எச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்கு ஒரு சாதாரண அடாப்டர் போதும், ஏனென்றால் உள்ளே ஓடும் சிக்னல் ஒன்றேதான்.

கடையிலேயே சோதிக்க வேண்டியது ஒன்று உண்டு: 50 ஹெர்ட்ஸ். மெஷின் வினாடிக்கு ஐம்பது படம் தருகிறது. கம்ப்யூட்டர் மானிட்டர்கள் பலவும் அறுபதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். ஐம்பதை அறுபதில் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு ஐந்தாவது படத்தையும் இரண்டு தடவை காட்ட வேண்டும். வினாடிக்குப் பத்து விக்கல். எழுத்து அடிக்கும்போது தெரியாது, பக்கவாட்டில் நகரும் விளையாட்டில் பளிச்சென்று தெரியும். மானிட்டர் ஐம்பதை ஏற்றுக்கொண்டால், ஜென்லாக் என்ற வசதி பையின் எச்டிஎம்ஐ வேகத்தையே நுணுக்கி நுணுக்கி மெஷினின் வேகத்தோடு பூட்டிவிடும். இரண்டும் ஒரே தாளத்தில் போனால் விக்கலும் இல்லை, கை உணர்கிற அளவுக்குத் தாமதமும் இல்லை. நம் ஊர் டிவிகளுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. பால் முறையும் ஐம்பது ஹெர்ட்ஸும் இங்கே வெகுநாள் பழகிய சங்கதி. டிவியில் போடுவதானால் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும், அதை மட்டும் போட்டுவிடுங்கள்.

மெனுவில் ஸ்கேன்லைன் என்று ஒரு வசதி இருக்கிறது. பழைய ட்யூபில் வரிகளுக்கு நடுவே தெரியும் கறுப்புக் கோடுகளைப் போலியாகப் போட்டுக் காட்டும். சிலருக்கு அது இல்லாமல் தூக்கம் வராது. நான் போடுவதில்லை. இல்லாத ட்யூபுக்கு வேஷம் எதற்கு?

இது பிபிசி மைக்ரோவுக்கு மட்டும்தானா என்றால், இல்லை. ஆனால் எல்லா மெஷினுக்கும் இவ்வளவு சுளுவாக நடக்காது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: படம் எந்த இடம் வரை டிஜிட்டலாக இருக்கிறது? அமிகா 500இல் டெனிஸ் என்ற சில்லின் கால்கள் வரை டிஜிட்டல். ஆகவே டெனிஸைக் கழற்றி, நடுவில் ஒரு பலகை வைத்து, மேலே மறுபடி டெனிஸைச் சொருகி, இதே பை ஸீரோவைக் கொண்டே பன்னிரண்டு பிட் நிறத்தைப் படித்துவிடலாம். பெட்டியைத் திறக்க வேண்டும், ஆனால் எதையும் வெட்ட வேண்டாம். ஸ்பெக்ட்ரம் என்ற மெஷினுக்கு வேறு வழி. அதன் பின்பக்க விளிம்பில் மெஷினின் பஸ், அதாவது ப்ராசஸரும் நினைவகமும் பேசிக்கொள்ளும் கம்பிகள், முழுக்க வெளியே தெரிகிறது. ஸெட்எக்ஸ்-எச்டி என்ற சாதனம் அங்கே உட்கார்ந்து, ப்ராசஸர் திரைக்காக ஒதுக்கிய 6,912 பைட்டில் எதை எழுதினாலும் ஒட்டுக்கேட்டு, தனக்கென்று ஒரு நகல் வைத்துக்கொண்டு, அதிலிருந்து படம் வரைகிறது.

கமடோர் 64தான் கல்லுளிமங்கன். அதன் விஐசி-2 சில்லு தனக்குள்ளேயே படத்தை அனலாக் ஆக்கிவிட்டுத்தான் வெளியே விடும். பிடிக்க ஒரு புள்ளியும் மிச்சமில்லை. ஆகவே சில்லையே எடுத்துவிட்டு, அது போலவே நடந்துகொள்ளும்படி நிரல்படுத்திய எஃப்பிஜிஏ சில்லு ஒன்றை வைக்கிறார்கள். கவாரி என்ற பலகை அந்த வகை. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-99/4ஏக்கு எஃப்18ஏ என்ற பலகை விஜிஏ தந்தது. நான் குறை சொல்லவில்லை, உழைப்பு பிரமிக்க வைக்கிறது. ஆனால் ஒரு சின்ன நெருடல். எஃப்18ஏயில், ஒரே வரியில் நான்கு ஸ்ப்ரைட்டுக்கு (திரையில் நகரும் உருவம்) மேல் வந்தால் ஐந்தாவது மறைந்துவிடும் என்ற பழைய வரம்பையே நீக்கிவிடலாம். படம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மெஷின் வரைந்த படமாக இருக்காது. மேம்படுத்துவதற்கும் வேறொன்றாக்குவதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. என் கோடு சில்லைக் கழற்றும் இடத்தில் விழுகிறது. அசல் சில்லு செத்துப்போயிருந்தால் அந்தக் கோட்டை நானே தாண்டிப் போவேன், அது வேறு.

கடைசியாக, பிபிசி மைக்ரோவோடு அக்காலத்து மைக்ரோவிடெக் கப் மானிட்டர் யாரிடமாவது இருந்தால், எல்சிடி வந்த சந்தோஷத்தில் அதைத் தூக்கிக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். மூடியைத் திறக்காதீர்கள், ட்யூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். ஆனால் வைத்திருங்கள். இந்த மெஷினின் அனலாக் போர்ட்டில் லைட் பென் சொருகத் தனிப் பின் உண்டு. பேனாவைத் திரையில் வைத்தால், எலெக்ட்ரான் கற்றை அந்த இடத்தைக் கடக்கும் கணத்தில் அது ஒளியை உணர்ந்து, திரையை நடத்தும் 6845 சில்லிடம் 'இப்போது' என்று சொல்ல வேண்டும். சில்லு அந்தக் கணத்தில் தான் எந்த இடத்தை வரைந்துகொண்டிருந்தது என்று குறித்துக்கொள்ளும். எல்சிடியில் கற்றையும் கிடையாது, கடப்பதும் கிடையாது. பை ஸீரோ எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும் அதற்கு வழியில்லை. அந்தப் பேனாவுக்காக என் மேஜையில் இன்னும் ஒரு ட்யூப் மானிட்டர் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் அதைப் பற்றித் தினமும் பேச்சு நடக்கிறது.